லென்ஸுக்கு வாய்தா

கல்யாணப் பேச்சில் ஒரு தந்திரம் உண்டு. பெண் வீட்டார் இருபது பவுன் என்று ஒப்புக்கொள்வார்கள். முகூர்த்தத்தன்று பெண்ணின் கழுத்தில் பத்துத்தான் இருக்கும். "மீதியைத் தலைத் தீபாவளிக்குப் போட்டுவிடுகிறோம்" என்பார்கள். தீபாவளி வந்தால் பொங்கலுக்கு என்பார்கள்; பொங்கல் வந்தால் குழந்தை பிறக்கட்டும் என்பார்கள். குழந்தையும் பிறந்து அதற்குக் காது குத்தும் நாளும் வந்துவிடும். அந்தப் பத்துப் பவுன் மட்டும் வராது. வரதட்சிணை என்ற வழக்கமே ஒழிய வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான். ஆகையால் அந்த மாப்பிள்ளைக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன். ஆனால் அதே தந்திரத்தை உலகப் பெரும் கேமராக் கம்பெனிகள் எங்கள் திசையன்விளை ஸ்டூடியோக்காரரிடம் காட்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் யாரிடமும் சீர் கேட்டவர் அல்லர். கடன் வாங்கி, பணத்தைக் கவுண்டரில் எண்ணி வைத்தவர்.

விஷயத்தைச் சற்று விளக்கிவிடுகிறேன். 24 மி.மீ. உயரம், 36 மி.மீ. அகலம், பழைய பிலிம் சுருளில் ஒரு படத்தின் அளவு இது. ஜெர்மனியில் ஆஸ்கர் பார்னாக் என்பவர் வகுத்த இந்த அளவு, 1925-ல் லைக்கா என்ற பெயரில் கடைக்கு வந்தது. பிலிம் போய் மின்னணுச் சென்சார் வந்த பிறகும் தொழில்காரர்கள் இதே அளவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த அளவுச் சென்சார் வைத்த கேமராவுக்குப் 'புல் பிரேம்' என்று பெயர். அந்த முதல் லைக்காவில் இருந்தது ஒரே லென்ஸ், 50 மி.மீ. நீளம், கழற்றவும் முடியாது. முகம் பெரிதாக வேண்டுமானால் போட்டோ பிடிப்பவர் நாலு அடி முன்னே நடக்க வேண்டும். இப்படி ஒரே நீளத்தில் உறுதியாக நிற்பதைப் பிரைம் லென்ஸ் என்கிறார்கள். இருந்த இடத்தில் நின்றுகொண்டு முறுக்கிக் காட்சியைக் கிட்டே கொண்டுவருவது ஜூம் லென்ஸ்.

ஜூம் இருக்கும்போது பிரைம் எதற்கு என்று கேட்பீர்கள். விடை ஒளியில் இருக்கிறது. லென்ஸின் துவாரத்தை 'எஃப்' என்ற எண்ணால் குறிப்பார்கள். எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும் ஜூம் எஃப் 4-ல் நின்றுவிடும். சாதாரண 50 மி.மீ. பிரைம் எஃப் 1.8 வரைக்கும் திறக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளி. ஜூம் லென்ஸுக்கு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் வேண்டிய இடத்தில், பிரைமுக்கு நூற்றைம்பதில் ஒரு பங்கு போதும். முப்பதில் ஒரு பங்கில் ஆடுகிறவனின் கை பனிமூட்டமாகும். நூற்றைம்பதில் விரல் ஐந்தும் தெரியும்.

திசையன்விளையில் ஒளிக்குப் பஞ்சமா என்று வெளியூர்க்காரர் சிரிப்பார். பகலில் பஞ்சமே இல்லை. செந்நிறத் தேரி மணலில் சித்திரை வெயில் அடிக்கும்போது கண்ணைத் திறக்க முடியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் படம் பிடிக்க வேண்டியவை எல்லாம் நிழலிலும் இரவிலுமே நடக்கின்றன. சுடலைமாடன் கொடையில் சாமி வருவது நடுராத்திரியில். வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போவதும், கணியான் மகுடம் அதிர்வதும் அப்போதுதான். கோயில் மண்டபத்துக்குள் தாலி கட்டுகிறார்கள். குத்துவிளக்கும் ஒரு குழல் விளக்குமே வெளிச்சம். உவரி அந்தோணியார் கோயிலிலோ, 1880-ல் கால்டுவெல் கட்டி முடித்த இடையன்குடிக் கோயிலிலோ மாலை நேரத்தில் மோதிரம் மாற்றும்போது, பளீரென்று பிளாஷ் அடித்தால் பாதிரியார் முகம் சுளிப்பார். அடிக்காவிட்டால் மணப்பெண்ணின் முகம் இருண்டுபோகும். அந்தப் படம்தான் நாற்பது வருஷம் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிறது. பம்பாயிலும் வளைகுடா நாட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் ஆத்தாளின் இளமை முகத்தைத் தெரிந்துகொள்ளப்போகிறார்கள். சிறிய, மலிவான, வெளிச்சம் கொண்ட இரண்டு பிரைம் லென்ஸ், ஒன்று 35 அல்லது 50, மற்றொன்று 85, எங்கள் ஸ்டூடியோக்காரருக்குக் கலப்பைக்குக் கொழு போல.

இதை உருவாக்குவது பிரம்ம வித்தையா என்றால், இல்லை. ஆறு கண்ணாடித் துண்டுகளை எதிரும் புதிருமாக அடுக்கினால் நல்ல வெளிச்சமான லென்ஸ் கிடைக்கும் என்று பால் ருடால்ப் என்ற ஜெர்மானியர் 1896-லேயே ஜெய்ஸ் கம்பெனியில் செய்து காட்டிவிட்டார். கானன் கம்பெனியின் மலிவான 50 மி.மீ. லென்ஸில் இன்றைக்கும் ஆறே கண்ணாடிகள்தாம். எடை 160 கிராம்.

இனி, நடந்ததைச் சொல்கிறேன். 2018-ல் கானனும் நிக்கானும் கண்ணாடியில்லாத புதிய புல் பிரேம் கேமராக்களைக் கொண்டுவந்தார்கள். கண்ணாடியில்லாத என்றால், உள்ளே மடங்கி எழும் பழைய முகக்கண்ணாடி இல்லாதது என்று பொருள். லென்ஸ் மாட்டும் வாயையும் புதிதாக அமைத்தார்கள். புது வாய்க்குப் புது லென்ஸ் வேண்டும். நிக்கான் என்ன செய்தது? 2021 வரைக்கும் இன்னின்ன லென்ஸ் வரும் என்று ஒரு ஜாதகம் எழுதி வெளியிட்டது. அந்த ஜாதகத்தின் ராஜயோகமாக ஒளிர்ந்தது 58 மி.மீ., எஃப் 0.95 'நாக்ட்' லென்ஸ். 2019-ல் அது பிறந்தது. எடை இரண்டு கிலோ. விலை ஏறக்குறைய 8,000 டாலர். இவ்வளவும் கொடுத்து வாங்கினாலும் தானாகக் குவியாது. கையால்தான் திருப்ப வேண்டும். இதை உருவாக்கிய அறிவை நான் மெச்சுகிறேன். ஆனால் பசித்தவன் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது முதலில் தங்க பஸ்பம் பரிமாறுகிறவனை என்னவென்று சொல்வது?

கானன் முதலில் வெளியிட்ட நான்கு லென்ஸ்களில் ஒன்று 50 மி.மீ., எஃப் 1.2. பதினைந்து கண்ணாடிகள், 950 கிராம், அமெரிக்காவில் வைத்த விலை 2,300 டாலர். அடுத்த ஆண்டே, 2019-ல், எளியவர்களுக்காக என்று சொல்லி 1,300 டாலருக்கு ஒரு புல் பிரேம் கேமராவை விற்றார்கள். அந்தக் கேமராவுக்குப் பொருத்தமான 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ், 200 டாலர் லென்ஸ், 2020-ன் கடைசியில்தான் வந்தது. இரண்டு வருஷம்! மாட்டை விற்றுவிட்டு மூக்கணாங்கயிற்றை அடுத்த அறுப்புக்குத் தருகிறேன் என்பது போல. 950 கிராமுக்கும் 160 கிராமுக்கும் நடுவே நடுத்தரமான ஒன்று வேண்டும் என்று தொழில்காரர்கள் கேட்டார்கள். 2024-ல் எஃப் 1.4 ஒன்று வந்தது, 1,400 டாலர். 2025 நவம்பரில்தான் 45 மி.மீ., எஃப் 1.2 ஒன்று, 350 கிராமுக்கும் குறைவான எடையில், 500 டாலருக்குள் வந்தது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. 2025-ல் முடிந்தது 2019-ல் ஏன் முடியவில்லை? முடியாமல் அல்ல, முதலில் பெரிய பணக்காரனின் பை காலியாக வேண்டும், பிறகு நடுத்தரக்காரனின் பை, கடைசியில் ஏழையின் பை. இந்த வரிசைக்குத்தான் அவர்கள் பாஷையில் திட்டம் என்று பெயர்.

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காத்திருக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தாமிரபரணி திருநெல்வேலிச் சீமையை வளப்படுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போகிற நதி. அதன் வெள்ள நீரைத் தேரிக்குக் கொண்டுவரும் கால்வாய்த் திட்டத்துக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். பதினான்கு வருஷம் கழித்துத்தான் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். தண்ணீருக்கே அப்படிக் காத்திருந்தவர்கள் லென்ஸுக்குக் காத்திருக்க மாட்டார்களா? காத்திருப்பார்கள். அதனால் காக்க வைப்பது நியாயமாகிவிடுமா? கால்வாய்க்குத் தாமதமானபோது யாரும் எங்கள் கிணற்றைப் பூட்டவில்லை. கேமராக்காரர்கள் கிணற்றையும் பூட்டினார்கள். என்னுடைய கோபமெல்லாம் அங்கேதான்.

கானன் தானே ஒரு லென்ஸைச் செய்யாவிட்டால் போகட்டும். சிக்மா இருக்கிறது, டாம்ரான் இருக்கிறது, சீனத்திலும் கொரியாவிலும் ஆள் இருக்கிறார்கள். அவர்கள் செய்து கொடுப்பார்கள். செய்யவும் வந்தார்கள். சீனத்து வில்ட்ராக்ஸ் கம்பெனி கானனின் புது வாய்க்குப் பொருந்தும் தானியங்கி லென்ஸ்களை விற்றது. 2022-ல் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 2024-ல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவைச் சற்றே திறந்தார்கள், எதற்கு? சிறு சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ் மட்டும் செய்யலாம் என்று. புல் பிரேமுக்கு அந்த அனுமதி இல்லை. நானும் சமைக்க மாட்டேன், பக்கத்து வீட்டுக்காரி சோறு கொண்டுவந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன் என்று ஒரு மாமியார் சொன்னால் ஊர் என்ன பேசும்?

இதில் உள்ள வேடிக்கையைக் கேளுங்கள். பின்னால் கானன் என்று பெயர் பெற்ற கம்பெனி 1936-ல் தன் முதல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கேமராவுக்கு 50 மி.மீ. லென்ஸ் செய்து கொடுத்தது யார் தெரியுமா? நிப்பான் கோகாக்கு, அதாவது இன்றைய நிக்கான். லென்ஸை மட்டுமல்ல, லென்ஸ் மாட்டும் வாயையும் அவர்கள்தாம் செய்து கொடுத்தார்கள். அடுத்தவன் செய்த வாயால் முதல் கவளம் உண்டவர்கள், இன்று அடுத்தவன் கை பட்டால் தீட்டு என்கிறார்கள்.

நிக்கானின் புகழும் திறந்த வாயால் வந்ததுதான். 1950-ல் கொரியாவில் யுத்தம் நடந்தபோது 'லைஃப்' பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டன்கன் ஜெர்மன் லைக்காவில் ஜப்பானிய நிக்கார் லென்ஸை மாட்டிப் படம் எடுத்தார். அந்தப் படங்களின் கூர்மையைப் பார்த்துத்தான் அமெரிக்கா ஜப்பானிய லென்ஸைத் திரும்பிப் பார்த்தது. லைக்காவின் வாய் ஒரு சாதாரண திருகுமரை. யாருடைய லென்ஸும் அதில் ஏறும். அன்று அந்த மரைக்குப் பூட்டுப் போட்டிருந்தால் நிக்கான் என்ற பெயர் டோக்கியோவைத் தாண்டியிருக்க எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

"கோடிக்கணக்கில் செலவிட்டுக் கண்டுபிடித்தவன் தன் சொத்தைப் பூட்டி வைக்கக் கூடாதா?" என்று சிலர் வாதிக்கிறார்கள். சொத்துரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் கேமராவின் உடலை விற்ற பிறகு அந்த வாய் யாருடைய சொத்து? பணம் கொடுத்தவனுடையது அல்லவா? வீட்டை விற்றுவிட்டு, வாசலில் யார் வரலாம் என்பதை மட்டும் நானே தீர்மானிப்பேன் என்று சொல்ல ஒருவனுக்கு என்ன பாத்தியதை? மேலும், கதவைத் திறந்தால் கம்பெனி நஷ்டப்படும் என்பதும் மெய்யல்ல. சோனி தன் வாயின் அடிப்படை விவரங்களை 2011-லேயே மற்ற லென்ஸ்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. சிக்மாவும் டாம்ரானும் சம்யாங்கும் அதற்கு லென்ஸ் செய்து குவித்தார்கள். அதைப் பார்த்தே பல கல்யாணப் போட்டோக்காரர்கள் சோனிக்கு மாறினார்கள். 2018-ல் லைக்கா, பானசோனிக், சிக்மா மூவரும் ஒரே வாய்க்கு லென்ஸ் செய்வதாக உடன்படிக்கையே எழுதிக்கொண்டார்கள். அவர்களில் எவரும் கடையைச் சாத்திக்கொண்டு போய்விடவில்லை.

"பழைய லென்ஸ் இருக்கிறதே, நடுவில் ஒரு வளையம் போட்டு மாட்டிக்கொள்ளலாமே" என்பது இன்னொரு வாதம். உண்மைதான். அந்த வளையம் நன்றாகவே வேலை செய்கிறது. 1992-ல் வந்த 85 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் இன்றும் எத்தனையோ ஸ்டூடியோக்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் இது கம்பெனியின் பெருமையா, அந்தப் பழைய லென்ஸின் பெருமையா? தாத்தா வெட்டிய கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதால் பேரன் கிணறு வெட்ட வேண்டாம் என்று ஆகாது. அதோடு, 1987-ல் இதே கம்பெனி தன் பழைய வாயை மாற்றியபோது அதற்கு முந்திய லென்ஸ்களை வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

"இதெல்லாம் எதற்கு? கைப்பேசியே போதும்" என்பார் மூன்றாமவர். அவர் கைப்பேசியில் எடுத்த நடுராத்திரிக் கொடைப் படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கி மாட்டிவைத்துக்கொண்டு வந்து பேசட்டும். அப்புறம் பதில் சொல்கிறேன்.

இவ்வளவு சண்டையும் அயல்நாட்டாரோடுதான். நம் பக்கம் ஒரு கேள்வி கேட்காமல் விட்டால் எழுத்துக்கு யோக்கியதை இல்லை. எப்போதும் கடை வாசலில் நிற்கிறவர்களாகவே ஏன் இருக்கிறோம்?

திசையன்விளையிலிருந்து தென்கிழக்கே போனால் உவரிக் கடற்கரை. அங்கிருந்து குமரி வரைக்கும் உள்ள மணலை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கறுப்பும் சிவப்புமாக மின்னும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கூடவே சிர்க்கான், மிகச் சிறிய அளவில் மோனசைட். அந்த மோனசைட்டுக்குள் லாந்தனம் என்றும் சீரியம் என்றும் இரண்டு மூலகங்கள் இருக்கின்றன. லாந்தனம் சேர்த்து உருக்கிய கண்ணாடி ஒளியை நன்றாக வளைக்கும்; அப்படி வளைத்தாலும் நிறங்களை அதிகம் சிதற விடாது. இன்றைய நல்ல லென்ஸ்களில் அந்தக் கண்ணாடி இல்லாததைக் காண்பது அரிது. சீரியம் ஆக்சைடு என்ற பொடியால்தான் லென்ஸை மெருகேற்றுகிறார்கள். ஆக, எங்கள் ஸ்டூடியோக்காரர் எந்த லென்ஸுக்காகக் கடலுக்கு அப்பால் பார்த்து ஏங்குகிறாரோ, அதன் சரக்கு அவர் காலடி மணலில் கிடக்கிறது!

மணலை வாரித் தோண்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. தோண்டிய காலத்துக் கதையை எங்கள் கடற்கரை மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2013-ல் மாநில அரசே கனிம மணல் அள்ளுவதற்குத் தடை போட வேண்டியதாயிற்று. நான் சொல்வது வேறு. அள்ளிய காலத்தில் அந்த மணல் மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. லென்ஸாகத் திரும்பி வந்தபோது ஒரு சிறு பெட்டிக்கு ஒரு வருஷச் சம்பாத்தியத்தைக் கொடுத்தோம். ஆலுவாவில் 1950-களிலிருந்தும் மணவாளக்குறிச்சியில் 1960-களிலிருந்தும் சர்க்காரின் அருமண் கம்பெனி வேலை செய்கிறது. கல்கத்தாவில் மத்தியக் கண்ணாடி ஆராய்ச்சி நிலையம் லென்ஸுக்கான கண்ணாடியை உருக்கிக் காட்டியிருக்கிறது. உதகமண்டலத்தில் 1967-லிருந்து 'இந்து' என்ற பெயரில் பிலிமே செய்தோம். ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரேயும் கல்யாண வீட்டுக் கறுப்பு வெள்ளைப் படமும் அதில் பதிந்தன. அந்த ஆலை இன்று இல்லை. காலம் மாறும்போது தன்னை மாற்றிக்கொள்ளாமல் அது நொடித்துப்போனது. ஆறு கண்ணாடி அடுக்கிய ஒரு 50 மி.மீ. லென்ஸை, 1896-ல் வகுத்த வித்தையை, கிரகங்களுக்கு விண்கலம் அனுப்புகிற இந்த நாடு கடையில் வைத்து விற்க முடியாதா? முடியும். வேண்டும் என்று கேட்பாரில்லை, அவ்வளவுதான் குறை.

ஆகையால் மூன்று பேருக்கு மூன்று வார்த்தை சொல்லி முடிக்கிறேன்.

கம்பெனிக்காரர்களே! 35, 50, 85 என்ற மூன்று நீளத்திலும் நடுத்தரமான எடையும் விலையும் கொண்ட பிரைம் லென்ஸைக் கேமரா விற்கும் அன்றே கடையில் வையுங்கள். முடியாதா? அப்படியானால் முடிந்தவனுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் கேமராவை மட்டும் விற்பது வியாபாரமாகாது.

சர்க்கார் பெரியவர்களே! மணல் எத்தனை டன் என்ற கணக்கோடு, அந்த மணலிலிருந்து எத்தனை லென்ஸ் என்ற கணக்கையும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களே! உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். கேமரா வாங்கப் போகும்போது உடலை முதலில் பார்க்காதீர்கள். "இதற்கு என் விலையில் வெளிச்சமான இரண்டு லென்ஸ் இன்றைக்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள். "அடுத்த வருஷம் வரும் அண்ணாச்சி" என்று கடைக்காரப் பையன் சொன்னால், "அப்போ நானும் அடுத்த வருஷமே வாரேன், தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். ஒருவர் அப்படி வந்தால் கடைக்காரர் சிரிப்பார். நூறு பேர் வந்தால் டோக்கியோவுக்குத் தந்தி பறக்கும்.